ஒரு சொல்லுக்குப் போட்ட காவல்

வானூர்திகளின் வரலாறு – பகுதி 14

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரைபுரண்டது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதையும், விமானங்கள் நிறுத்தும் தளமும் வெள்ளத்தில் மூழ்கின. நிலையத்தை மூடினார்கள். ஊருக்குள் சிக்கிக்கொண்டவர்களை வெளியே அனுப்ப வேண்டும், நிவாரணப் பொருள்களை உள்ளே கொண்டுவர வேண்டும். அப்போது கைகொடுத்தது அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளி. ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்களின் பயணிகள் விமானங்கள் அங்கே இறங்கி ஏறின. சென்னையிலிருந்து பயணிகளைப் பஸ்களில் அழைத்து வந்தார்கள்.

நம் பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு ராஜாளி அந்நியமான பெயர் இல்லை. திருத்தணியைத் தாண்டினால் அரக்கோணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய விமானத்தளத்தைக் கடற்படை எடுத்துச் செப்பனிட்டு, 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமன் கையால் தொடங்கி வைத்தது. நான்கு கிலோமீட்டருக்கும் நீளமான அதன் ஓடுபாதை, நாட்டின் மிக நீளமானவற்றுள் ஒன்று. ரஷ்யாவின் டி.யு.-142 விமானங்கள் 2017 வரை அங்கிருந்துதான் கடலைக் காவல் காத்தன. 2013 முதல் அந்த வேலைக்கு பி-8ஐ வந்துவிட்டது.

அந்த வெள்ள நாட்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கடற்படை விமானிகளோடு பேசிப் பழகிய ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம், பயணிகள் விமானத்தை ஓட்டிவரும் முன்பின் தெரியாத விமானியோடு திடீரென்று எப்படிப் பேச முடிந்தது? வானொலியில் முகம் தெரியாது, கை அசைவு தெரியாது. தவறாக ஒரு சொல் காதில் விழுந்தால் உயிர் போகும்.

விடை எளிமையானது. இருவரும் பேசியது ஏற்கெனவே உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே பேச்சு. விசாகப்பட்டினத்திலும் கோவாவின் டபோலிமிலும் கடற்படைக் கட்டுப்பாட்டாளர்கள் நித்தமும் பயணிகள் விமானங்களை அந்தப் பேச்சில்தான் இறக்கி ஏற்றுகிறார்கள். எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது, கேட்டதில் எதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்று வரையறுத்த பேச்சு அது. அந்த விதிகள் யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. அவற்றில் பல, ஓடுபாதையில் மனிதர்கள் செத்த பிறகு எழுதியவை. இந்த வாரம் அந்தக் கதை.

கொடியும் விளக்கும்

சென்ற பகுதியில் 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்ததையும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்ததையும் பார்த்தோம். அந்தச் சின்ன புஸ் மாத் விமானத்தில் வானொலி கிடையாது. இறங்கும் இடம் காலியா என்று விமானி தன் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1920களின் கடைசியில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விமானத் திடலுக்குப் போவார். கையில் இரண்டு கொடிகள். சிவப்பைக் காட்டினால் நில். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் போ. அந்த நாட்டின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று அவரைச் சொல்வார்கள்.

கொடிக்குப் பின் விளக்கு வந்தது. அது இன்றும் போகவில்லை. வானொலி செத்துப்போனால் கோபுரத்திலிருந்து விமானத்தைக் குறிவைத்து ஒரு விளக்கை அடிப்பார்கள். தரையில் நிற்கும் விமானத்துக்கு அணையாத பச்சை காட்டினால் மேலெழும்பலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் தரையில் ஊர்ந்து போகலாம். அணையாத சிவப்பு என்றால் நில். விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் ஓடுபாதையை விட்டு உடனே விலகு. விட்டுவிட்டு எரியும் வெள்ளை என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. ஊர்ந்து போவதற்கு ஒரு குறி, மேலெழும்புவதற்கு வேறு குறி. விளக்கு இதில் தெளிவாக இருந்தது. வானொலிப் பேச்சு அந்தத் தெளிவை எட்டுவதற்குப் பல நூறு உயிர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு உச்சரிப்பு

1944 டிசம்பரில் சிகாகோவில் கூடிய நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. சுருக்கமாக ஐகாவோ. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியல். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அவர்கள் முன்னால் நின்ற முதல் சிக்கல்களில் ஒன்று, இரைச்சலுக்கு நடுவே எழுத்தையும் எண்ணையும் பிசகாமல் காதில் போடுவது.

மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் ஜான்-பால் வினே இதில் பெரும் பங்கு வகித்தார். பல நாட்டவர் வாயிலும் காதிலும் சோதித்துப் பார்த்து, 1956இல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. எண்களையும் விடவில்லை. நைன் என்பதும் ஃபைவ் என்பதும் கரகரப்பில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ஒன்பதை நைனர் என்று நீட்டினார்கள். ஐந்தை ஃபைஃப் என்று முடித்தார்கள். த்ரீ என்று நாக்கைக் கடித்துச் சொல்ல எல்லா நாட்டாராலும் முடியாது, ஆகவே ட்ரீ. ஆமாம் என்பதற்கு அஃபர்மேட்டிவ் என்று முழுக்கச் சொல்லாமல் அஃபர்ம் என்று நிறுத்தச் சொன்னார்கள். முன்பாதி இரைச்சலில் விழுங்கப்பட்டால் அஃபர்மேட்டிவும் நெகட்டிவும் ஒரே வாலோடு காதில் விழும் அல்லவா?

இவ்வளவு நுணுக்கமாக எழுத்தையும் எண்ணையும் காத்தவர்கள், ஒரு முக்கியமான சொல்லைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

டெனரிஃப், 1977 மார்ச் 27

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் அன்று குண்டு வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரிஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சிறிய நிலையம், ஒரே ஓடுபாதை. அதற்கு இணையாகப் போகும் டாக்ஸிவே, அதாவது விமானங்கள் ஊர்ந்து போகும் பாதை, முழுக்க விமானங்கள் நின்று அடைத்துவிட்டன. புறப்பட வேண்டியவர்கள் ஓடுபாதை மேலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

இரண்டு போயிங் 747கள் அப்படிக் கிளம்பின. முன்னால் நெதர்லாந்தின் கே.எல்.எம்., பின்னால் அமெரிக்காவின் பான் ஆம். பான் ஆம் விமானத்தை மூன்றாவது வழியில் திரும்பி ஓடுபாதையை விட்டு விலகச் சொன்னார்கள். மலைமேல் இருந்த அந்த நிலையத்தில் மூடுபனி கவிந்துவிட்டது. பான் ஆம் விமானிகளுக்குத் திரும்ப வேண்டிய வழி பிடிபடவில்லை. கோபுரத்தால் ஓடுபாதையைப் பார்க்க முடியவில்லை. தரை ராடாரும் அங்கே இல்லை.

கே.எல்.எம். முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. மேலே போனபின் எந்தத் திசையில், எந்த உயரத்தில் போக வேண்டும் என்ற வழி அனுமதியைக் கோபுரம் படித்தது. அது ஓடுவதற்கான அனுமதி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் டேக்-ஆஃப் என்ற சொல் இருந்தது. டேக்-ஆஃப் முடிந்தபின் வலப்பக்கம் திரும்பு என்பது அதன் பொருள். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் 'வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்' என்று சேர்த்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் அதைக் கொள்ளலாம், புறப்பட்டுவிட்டோம் என்றும் கொள்ளலாம். கோபுரம் முதல் பொருளில் எடுத்துக்கொண்டு 'ஓகே' என்றது. சற்றே இடைவெளி. பிறகு, காத்திரு, நானே கூப்பிடுகிறேன் என்றது.

அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம் என்று பதறிச் சொன்னார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் கேட்காது, கிறீச்சென்ற ஓசைதான் கேட்கும். கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாக விழுந்தது 'ஓகே' ஒன்றுதான். அந்தப் பான் ஆம் விலகவில்லையா என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னார். விமானம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தில் ஒருவரும் தப்பவில்லை. பான் ஆமில் 61 பேர் பிழைத்தார்கள். இன்றுவரை விமான வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. அது தரையில் நடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் டேக்-ஆஃப் என்ற சொல்லுக்குக் காவல் போட்டார்கள். ஓடுவதற்கு அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்தச் சொல் வானொலியில் வரலாம். மற்ற எல்லா இடத்திலும் டிபார்ச்சர். வெறும் ஓகே, ரோஜர் என்று பதில் சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. ஓடுபாதைக்குள் நுழைவது, கடப்பது, வெளியே நிற்பது, ஓடுவது, இறங்குவது என எதைப் பற்றிய ஆணையானாலும் விமானி அதை அப்படியே, தன் விமானத்தின் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்டுத் தப்பிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும்.

அரக்கோணம் வழியாக 1856இலேயே ரயில் ஓடியது. ஒற்றைப் பாதையில் ரயில் விட்ட காலத்தில் டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. ஒரு பகுதிக்கு ஒரே டோக்கன்தான் வெளியே இருக்கும் என்பதால் எதிரெதிரே இரண்டு ரயில் நுழைய முடியாது. ஓடுபாதைக்கு அந்த டோக்கன் ஒரு சொல்தான். சொல்லைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாதே, அதனால்தான் வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது.

மீனம்பாக்கத்தில் ஒரு புறப்பாடு

இதெல்லாம் நடப்பில் எப்படி ஓடுகிறது என்று சென்னையில் பார்ப்போம். மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. பெரியதன் இரு முனைகளுக்கு 07, 25 என்று பெயர். சிறியதற்கு 12, 30. எண்கள் திசைகாட்டியின் பாகையைக் குறிப்பவை. சிறிய ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எதற்கு அனுமதி, எந்த எண்ணுக்கு அனுமதி என்பதில் குழப்பம் வரவே கூடாது.

முதலில் வழி அனுமதி. டெனரிஃபில் ஓடுபாதை முனையில் நின்றபோது படித்த அதே சமாசாரத்தை, இப்போது விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்வதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் விமானியின் காதுக்கு ஒரே ஒரு ஆணைதான் போக வேண்டும் என்பதற்காக.

அடுத்தது கிரவுண்ட், அதாவது தரைக் கட்டுப்பாடு. எந்தெந்த டாக்ஸிவே வழியாக எந்த ஓடுபாதையின் ஹோல்டிங் பாயிண்ட் வரை போகலாம் என்று சொல்வார்கள். ஹோல்டிங் பாயிண்டில் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். விமானி பக்கம் இரண்டு முழுக்கோடு, ஓடுபாதை பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எண். முழுக்கோடு தன் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது.

பிறகு டவர், அதாவது கோபுரம். முன்னால் ஒரு ஏர்பஸ் இறங்கிக்கொண்டிருந்தால் 'பிஹைண்ட் லேண்டிங் ஏர்பஸ், லைன் அப் பிஹைண்ட்' என்பார்கள். பிஹைண்ட் என்பது முதலிலும் கடைசியிலும் இரண்டு தடவை வரும். ஒரு முனை இரைச்சலில் அடிபட்டாலும், அந்த விமானம் போனபிறகுதான் நுழைய வேண்டும் என்ற நிபந்தனை தப்பிவிடக் கூடாது. 'லைன் அப் அண்ட் வெயிட்' என்றால் ஓடுபாதைக்குள் போய் நேராக நில், ஓடாதே. கடைசியாக, காற்றின் திசையும் வேகமும் சொல்லி, 'ரன்வே டூ ஃபைஃப், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்' என்பார்கள். அந்தப் புறப்பாட்டில் அந்தச் சொல் கோபுரத்திலிருந்து வருவது இதுதான் முதல் முறை. விமானி ஓடுபாதை எண்ணோடு அதைத் திருப்பிச் சொல்வார்.

ஏதாவது ஆபத்து தெரிந்தால் அதே சொல்லைக் கொண்டே தடுப்பார்கள். நிற்கும் விமானத்துக்கு 'ஹோல்ட் பொசிஷன், கேன்சல் டேக்-ஆஃப்' என்று சொல்லி அதை மறுபடியும் சொல்வார்கள். ஓடத் தொடங்கிவிட்டால் 'ஸ்டாப் இமீடியட்லி', அதுவும் இரண்டு தடவை.

அதன் பிறகும் ஏன்?

விதிகள் வந்தபிறகும் விபத்து நிற்கவில்லை. அந்த விபத்துகளைப் படித்தால் ஓட்டை எங்கே என்று தெரியும்.

2000 மே 25, பாரிஸின் சார்ல் து கோல் நிலையம், நள்ளிரவு தாண்டிய நேரம். ஏர் லிபர்ட்டே விமானத்தோடு கட்டுப்பாட்டாளர் பிரெஞ்சில் பேசி, ஓட அனுமதி கொடுத்தார். அடுத்து நின்ற பிரிட்டன் சரக்கு விமானத்திடம் ஆங்கிலத்தில், நுழைந்து காத்திரு, நம்பர் டூ என்றார். அந்தச் சரக்கு விமானம் முனையில் பின்னால் நிற்பதாக அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது ஓடுபாதையின் நடுவில் சேரும் ஒரு டாக்ஸிவேயில் இருந்தது. நம்பர் ஒன் யார் என்று அதன் விமானிகளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த உரையாடல் அவர்களுக்குப் புரியாத மொழியில் நடந்தது. நுழைந்தார்கள். ஓடிவந்த விமானத்தின் இறக்கை விமானி அறையைக் கிழித்தது. ஒரு விமானி இறந்தார்.

தமிழும் தெலுங்கும் புழங்கும் எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் மூன்றாமவருக்குத் தெரியாத மொழியில் பேசினால் அவர் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறார். வானொலியில் ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லாரும் எல்லாருடைய பேச்சையும் கேட்டு, யார் எங்கே என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்கிறார்கள். கோபுரத்தின் கண் தவறவிட்டதை இன்னொரு விமானியின் காது பிடிக்கும். தமிழ்க் கட்டுப்பாட்டாளரும் தமிழ் விமானியும் சென்னையில் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வது இதனால்தான்.

2001 அக்டோபர் 8, மிலானின் லினாட்டே. அடர்ந்த மூடுபனி. ஆர்5 வழியாக வரச் சொன்ன சிறிய விமானம் ஆர்6 வழியாகப் போய், எஸ்.ஏ.எஸ். விமானம் ஓடிக்கொண்டிருந்த ஓடுபாதைக்குள் நுழைந்தது. போகும் வழியில் தரையில் எழுதியிருந்த எஸ்4 என்ற குறியீட்டை விமானி வானொலியில் சொல்லவும் செய்தார். கட்டுப்பாட்டாளருக்கு அப்படி ஒரு குறியீடு இருப்பதே தெரியாது. தரை ராடாரும் செயல்பாட்டில் இல்லை. 118 பேர் இறந்தார்கள். சொல் சரியாக இருந்தும், சொல்லுக்குரிய இடம் இருவர் மனத்திலும் ஒன்றாக இல்லாததால் நடந்த விபத்து இது.

2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா. முதல் நாள் நில நடுக்கம் கண்ட நோட்டோ பகுதிக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகக் கடலோரக் காவல் படை விமானம் ஒன்று கிளம்பியது. நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயிண்ட் வரை வா என்றது கோபுரம். வரிசையில் நீ முதல் ஆள் என்பதுதான் பொருள். விமானி பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். ஆனாலும் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய்ச் சுமார் 40 நொடி நின்றார். ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 அதன்மேல் வந்து இறங்கியது. காவல் படை விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து இறங்கித் தப்பினார்கள். உடனடி நடவடிக்கைகளில் ஒன்றாக, நம்பர் ஒன் என்று வரிசை எண் சொல்வதை ஜப்பான் நிறுத்தி வைத்தது. பாரிஸில் நம்பர் டூ, ஹனேடாவில் நம்பர் ஒன். அனுமதியோடு சேர்த்துச் சொல்லும் எந்த உபரித் தகவலையும் கேட்பவர் அனுமதியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

நம் நாட்டிலும் நூலிழையில் தப்பியவை உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில் ஆமதாபாதிலிருந்து வந்து இறங்கிய விஸ்தாரா விமானத்தைப் பக்கத்து ஓடுபாதையைக் கடக்கச் சொன்னார்கள். அதே ஓடுபாதையில் பாக்டோக்ரா போகும் இன்னொரு விஸ்தாரா விமானத்துக்கு ஓட அனுமதி கொடுத்திருந்தார்கள். இறங்கிய விமானத்தின் கேப்டனான பெண் விமானி எதிரே ஒரு விமானம் ஓட ஆயத்தமாவதைக் கவனித்துக் கோபுரத்தை எச்சரித்தார். புறப்பாட்டை ரத்து செய்தார்கள். எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் கேப்டன் செய்ததையும் டெனரிஃப் பொறியாளர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் சந்தேகம் வந்தது, இருவரும் வாய் திறந்தார்கள். ஒருவர் சொல்லுக்கு மதிப்பு கிடைத்தது, மற்றவர் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. இந்த அரை நூற்றாண்டில் விமான உலகம் கற்ற பாடங்களில் பெரியது இதுதான் என்று நான் கருதுகிறேன். எழுதி வைத்த சொற்றொடர் மனிதனைப் பேசாமல் அடக்கி வைப்பதற்காக வந்தது இல்லை. சந்தேகம் வரும் இடத்தைச் சுருக்கி, வந்த சந்தேகத்தை உடனே கேட்க வைப்பதற்காக வந்தது. 'சே அகெய்ன்' என்று கேட்பது அந்தப் பேச்சிலேயே இடம்பெற்ற முறையான சொல். எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் நின்றுவிட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. எத்தனை விமானங்கள் பின்னால் காத்திருந்தாலும் அதற்காக விமானியை யாரும் குறை சொல்லக் கூடாது.

இந்தப் பேச்சைக் கற்றுக்கொடுக்கப் பிரயாக்ராஜில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் போட்டித் தேர்வு எழுதிக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம். ஐகாவோவின் ஆங்கிலத் தேர்வில் குறைந்தது நான்காம் நிலை பெற வேண்டும். இலக்கிய ஆங்கிலமோ வெளிநாட்டு உச்சரிப்போ அங்கே தேவையில்லை. தெளிவாகச் சொல்லவும், கேட்டதை உறுதிப்படுத்தவும், எதிர்பாராத நிலை வந்தால் எளிய சொல்லில் விளக்கவும் தெரிந்தால் போதும். பொதட்டூர்பேட்டை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பட்டம் வாங்கும் பிள்ளைக்கும் அந்த நாற்காலி எட்டாத உயரத்தில் இல்லை. ஆங்கிலம் வராது என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சொல்லால் மட்டும் எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதை லினாட்டேயும் ஹனேடாவும் காட்டின. விமானியின் கண்முன்னே குறுக்கே எரிந்து தடுக்கும் சிவப்பு விளக்கு வரிசை, மூடுபனியிலும் ஓடுபாதையைக் காட்டும் தரை ராடார் ஆகியவை எப்படி வந்தன, எங்கெல்லாம் வரத் தாமதமாயின என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)